ஆணி அடிக்காமல், பெட்டியில் இருக்கும் சேலைகளைக் கொண்டு ஒரு வாடகை வீட்டை அலங்கரித்தல்

கேட்கப்பட்ட கேள்வி இது: “பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் வாடகைக்குக் குடிவந்திருக்கிறோம். கூடம் மேற்குப் பார்த்தது. மாலை வெயில் நேராக உள்ளே விழுகிறது. சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மாவின் பழைய சேலைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அப்பாவின் வேட்டிகள், சில மைலோ டின்கள், கண்ணாடிப் போத்தல்கள், மேற்பூச்சு உரிந்த ஒரு மர அலமாரி, பாதி டின் வெள்ளைச் சாயம் ஆகியவையும் உண்டு. தீபாவளிக்குள் 150 ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்காமல் வீட்டைப் பார்க்கும்படி ஆக்க முடியுமா? அட்டையிலும் செய்தித்தாளிலும் சுவர் அலங்காரம் செய்யலாம் என்று மகள் சொல்கிறாள்.”

முடியும். உங்கள் பட்டியலில் மிக மதிப்புள்ள பொருளை நீங்களே முதலில் எழுதிவிட்டீர்கள். திரைச்சீலை தைப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வீட்டின் தோற்றத்தைக் குறைந்த செலவில் மாற்றக்கூடியது துணி ஒன்றுதான். ஜன்னலும் பலகணிக் கதவும் சேர்ந்து ஓர் அடுக்குமாடிக் கூடத்தின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்கின்றன. அந்தப் பரப்பில் தொங்குவது நன்றாக இருந்தால் மற்றவை தாமாகவே ஒழுங்குபட்டுத் தோன்றும்; அது சரியாக இல்லாவிட்டால் எத்தனை கைவினைப் பொருளை வாங்கி அடுக்கினாலும் வீடு நிறையாது. தமிழ்க் குடும்பங்களில் துணிக்குக் குறைவே இல்லை. ஆகவே உங்கள் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதியைச் சேலைகளுக்கே ஒதுக்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கீழே நான் எழுதுவதிலும் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் உங்கள் மகள் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தீபாவளிக்கு முந்திய செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இங்கே மழை மிகுந்த காலம். இந்தக் காற்றில் அட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும், செய்தித்தாள் பழுப்பேறும். மைதாப் பசையோ அரிசிமாவுப் பசையோ பூசிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பசையைத் தின்ன வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வந்து சேரும். துணியை மாவுப் பசையால் நேராகச் சுவரில் ஒட்டி, பிறகு நனைத்து உரித்துவிடலாம் என்று வாடகை வீட்டாருக்குச் சொல்லப்படும் யோசனையையும் இதே காரணத்தால்தான் நான் ஏற்பதில்லை. வறண்ட குளிர்நாட்டில் அது நிற்கலாம்; இங்கே துணிக்கும் சுவருக்கும் இடையில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்துவிடும். மகள் ஆசைப்பட்டால் பண்டிகை நாள்களுக்கு மட்டும் காகிதத் தோரணம் செய்யட்டும், முடிந்ததும் கழற்றிவிடலாம். நிலைத்திருக்க வேண்டியதை ஒட்டுப்பலகையிலும் துணியிலும் செய்யச் சொல்லுங்கள். அவள் கைக்கும் அது நல்ல பயிற்சி.

இனிச் சேலைகளுக்கு வருவோம். பெட்டியிலுள்ளவற்றை வெளியே எடுத்து, பருத்தி, பட்டு, செயற்கை இழை என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எது எது என்று கையால் தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, கைகழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும்; அதன் கரியைத் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இந்த மூன்றாவது வகையை விளக்கு மாடத்துக்கும் அடுப்புக்கும் அருகில் எந்த வடிவத்திலும் தொங்கவிடாதீர்கள், ஏனெனில் அது தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளியன்று அகல் விளக்குகளை எங்கே வரிசையாக வைக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவுசெய்துகொண்டு, அந்த இடத்தில் திரை எதுவும் காற்றில் பறந்து வந்து படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டுச் சேலைகளைப் பிரித்த பிறகு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, மடிப்புக் கோடுகளை மட்டும் கவனியுங்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோடுகளில்தான் முதலில் இற்றுப்போகும். சிறு சிறு பிளவுகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சேலை திரையின் எடையைத் தாங்காது. அதில் நல்ல பகுதியை மட்டும் சட்டமிடுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். சரிகையையும் சோதியுங்கள். அசல் காஞ்சிபுரச் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தச் சேலையின் மீது கத்தரிக்கோலை வைக்காதீர்கள். அதிலுள்ள வெள்ளிக்கு விலை உண்டு என்பதோடு, அந்த நெசவுக்கு ஈடு வாங்குவதும் இன்று எளிதன்று.

வெட்டுவதற்கு முன் துவைப்பது கட்டாயம். நனைத்த வெள்ளைத் துணித் துண்டை உட்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, சாயம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, குளிர்ந்த நீரில் பருத்திச் சேலைகளைத் தனித்தனியே அலசி, நிழலில் உலர்த்துங்கள். பருத்தி முதல் துவைப்புகளில் சற்றுச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் திரை தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது அளவு. ஒரு சேலை ஏறத்தாழ 18 அடி நீளம், 45 அங்குல அகலம். உங்கள் கூடத்து ஜன்னலின் கம்பியிலிருந்து அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். அது 42 அங்குலத்துக்குள் இருந்தால், சேலையை வெட்டவே வேண்டாம். சேலையைக் குறுக்காகத் திருப்பி, அதன் அகலத்தையே திரையின் உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கரையை 3 அங்குலம் பின்னுக்கு மடித்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டால் கம்பி நுழையும் கூடு கிடைத்துவிடும். கீழ்க்கரை அப்படியே திரையின் அடிப்பட்டையாக நிற்கும். முந்தானை ஒரு பக்கத்தில் முழுதாகத் தெரியும். 8 அடி அகல ஜன்னலில் 18 அடித் துணி விழும்போது இரண்டு மடங்குக்கும் மேல் சுருக்கம் கிடைப்பதால், கொசுவம் வைத்தாற்போல் அடர்த்தியாக நிற்கும். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, தையலைப் பிரித்துவிட்டால் அம்மாவின் சேலை மறுபடி முழுச் சேலையாகிவிடும் என்பதுதான். வெட்ட மனம் வராத சேலைகளை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பலகணிக் கதவுக்கு இந்த முறை உதவாது. அதன் உயரம் பொதுவாக 7 அடி, அதாவது 84 அங்குலம். மேலே கம்பிக் கூட்டுக்கும் கீழே ஓரமடிப்புக்கும் சேர்த்து 7 அங்குலம் விட்டால், ஒரு திரைக்கு 91 அங்குலம் தேவை. ஒரு சேலையில் இப்படி இரண்டு துண்டு எடுத்தால் 182 அங்குலம் போக, முந்தானைப் பக்கத்தில் 34 அங்குலம் மிஞ்சும். இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும்: 45 அங்குல அகலமுள்ள இரண்டு துண்டுகள் சேர்ந்து 90 அங்குலம்தான், கதவின் அகலம் 6 அடி என்றால் 72 அங்குலம். முழுக்க இழுத்து மூடினால் துணி விறைப்பாக, சுருக்கமே இல்லாமல் நிற்கும். ஆகவே சேலைத் துண்டுகளை இரு பக்கங்களிலும் தூண்போல் நிறுத்தி, நடுவில் எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டித் தொங்கவிடுங்கள். வேட்டியின் அரையளவு 7 அடிக்குச் சற்றுக் குறையுமானால், அடியில் சேலைக்கரையில் ஒரு பட்டையைச் சேர்த்துத் தைத்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வெள்ளைத் துணியில் அந்தக் கரை மிக எடுப்பாக இருக்கும்.

வேட்டியைச் சேர்க்கச் சொல்வதற்கு அழகைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் நண்பகல் வெயில் கூரைமேல்தான் விழும், ஜன்னலுக்குள் அதிகம் வராது. மாலையில் சூரியன் தாழும்போதுதான் மேற்குப் பார்த்த வீட்டுக்குள் ஒளி நேராகப் பாயும், வெப்பமும் அப்போதுதான் ஏறும். வெளிர் நிறத் துணி கண்ணாடிக்கு அருகில் இருந்தால் அந்த ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்; மிச்சத்தை மென்மையாக்கிக் கூடத்துக்குள் விடும். பட்டும் அடர் சாயமும் வெயிலில் விரைவில் கெடும். பட்டு இழை வலுவிழந்து கிழியும், மெஜந்தா வெளுத்து இளஞ்சிவப்பாகும். ஆகவே ஜன்னலில் பட்டுச் சேலையைத் தொங்கவிடுவதானால், கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவே வேட்டி கட்டாயம் இருக்க வேண்டும்.

மிஞ்சிய 34 அங்குல முந்தானையில் இரண்டு குஷன் உறைகள் வரும். அதைக் கரையிலிருந்து கரைவரை 17 அங்குல அகலமுள்ள இரண்டு பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையும் 45 அங்குல நீளம் இருக்கும். 16 அங்குலக் குஷனுக்கு முன்பக்கம் 16, பின்பக்கம் 16 போக, 13 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். ஜிப்போ பொத்தானோ தேவையில்லை. பட்டையின் இரு முனைகளும் நெய்த கரையாகவே இருப்பதால் அங்கே ஓரம் தைக்கும் வேலையும் மிச்சம். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, இரு பக்கங்களிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்புங்கள். கரை படிந்திருக்கும் பக்கத்தையே முன்பக்கமாகச் சோபாவில் வையுங்கள். குஷனின் நடுவே சரிகைக் கோடு ஓடும், விலை கொடுத்து வாங்கியதைப் போலவே இருக்கும்.

திரைக்கம்பி ஏற்கெனவே வீட்டில் இருக்கும் என்று எண்ணுகிறேன். இல்லையானால், ஜன்னல் பொந்தின் இரு சுவர்களுக்கிடையே திருகி இறுக்கும் ஸ்பிரிங் கம்பி ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும், துளை வேண்டியதில்லை. பருத்திச் சேலை அரை கிலோவை ஒட்டித்தான் எடை இருக்கும் என்பதால் சிறிய ஜன்னலுக்கு அது போதும். அகலமான பலகணிக் கதவுக்கு அது நடுவில் தொய்யும். அங்கே கம்பி இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் கம்பி போட்டுத்தரும்படி கேளுங்கள், அது வீட்டோடு இருக்கப்போகும் பொருள் என்பதால் பலர் மறுப்பதில்லை. அனுமதி எதுவாயினும் அதை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பொதுவாக இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருப்போம். அலங்காரத்துக்குச் சேமித்த பணத்தைப் போல் பல மடங்கு அதில் இருக்கிறது. குடிவந்த நிலையில் சுவர்கள் எப்படி இருந்தன என்று இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

சுவருக்கு ஒரே ஒரு பெரிய பொருள் போதும் என்பது என் உறுதியான கருத்து. சின்னச் சின்னச் சட்டங்களாகப் பதினைந்தை மாட்டுவதைவிட, இற்றுப்போன பட்டுச் சேலையின் முந்தானையை 2 அடிக்கு 3 அடி ஒட்டுப்பலகையில் இழுத்துப் போர்த்தி ஒன்றை நிறுத்தினால் கூடத்துக்குக் கண் தங்கும் இடம் கிடைத்துவிடும். மரக்கடையில் வெட்டி மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். ஈரத்தில் உப்பிவிடும் அட்டைப்பலகையை வாங்காதீர்கள். பலகையின் மேல் முதலில் பழைய வேட்டித் துணியை ஒரு படலமாக விரித்து, அதன்மேல் பட்டுத் துணியை வையுங்கள், ஏனெனில் மரத்திலுள்ள சாறு நேரே பட்டில் பட்டால் காலப்போக்கில் பழுப்புக் கறை ஏறும். பிறகு பலகையைக் கவிழ்த்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஒரு ஸ்டேப்பிள் அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி நகருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சரிகைக் கோடுகள் வளைந்துவிடும், அந்த வளைவை எதைச் செய்தும் மறைக்க முடியாது. மூலைகளைப் புத்தகத்துக்கு உறை போடும் முறையில் மடித்தால் தடிமன் தெரியாது. பசை எங்கும் தேவையில்லை. கண்ணாடி போட விரும்பினால், துணி கண்ணாடியைத் தொடாதபடி ஓரங்களில் மெல்லிய மரக்குச்சி வைத்து இடைவெளி விடுங்கள்; தொட்டால் ஈரம் நடுவே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்தப் பலகையை மாட்டவே வேண்டாம். அலமாரியின் மேலோ தாழ்வான மேசையின் மேலோ சுவரில் சாய்த்து வைத்தாலே போதும். அடியில் இரண்டு ரப்பர் துண்டுகளை வைத்தால் வழுக்காது. சிறிய படங்களுக்கு ஒட்டும் கொக்கி பயன்படுத்தலாம். ஆனால் முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தக் கொக்கியும் நிற்காது, விழும்போது சாயத்தையும் உரித்துக்கொண்டு விழும். பொடி இல்லாவிட்டால், ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, கொக்கியை அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே எடையைத் தொங்கவிடுங்கள்.

சுவரில் ஏற்கெனவே கறுப்புப் பூஞ்சணம் இருந்தால், அதன்மேல் சாயம் பூசுவது வீண்வேலை, சில வாரங்களில் அது மேலே வந்துவிடும். நீர்க்கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, நீர் கலந்த பிளீச்சால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும். இதே கேள்வி ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கும் எழலாம். அவர்கள் வீடு வேறு வகை: செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுத்துக் காற்றில் விடுபவை. அவற்றின்மேல் பிளாஸ்டிக் சாயம் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சாயம் கொப்புளித்து, சாந்தோடு உதிரும். சுண்ணாம்பு அடிப்பதே சரி. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது என்பதால், வெளிமுகப்பில் கைவைக்குமுன் மாநகர் மன்றத்தைக் கேட்டாக வேண்டும்.

அலமாரியைப் பார்ப்போம். உரிந்த இடத்தில் மரநார் தெரிகிறதா, மரத்தூள் அழுத்திய பலகை தெரிகிறதா என்று பாருங்கள். மரத்தூள் பலகையானால் அதைத் தேய்த்துப் பயனில்லை. தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதால் உரிந்த விளிம்பை மரப்பசையால் ஒட்டி, கதவுப் பரப்பில் மட்டும் மேற்சொன்ன முறையில் துணி போர்த்திய மெல்லிய பலகையைப் பொருத்திவிடலாம். மரநார் தெரிந்தால் அது பெரும்பாலும் ரப்பர் மரமாக இருக்கும். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்து முடித்த மரங்களை வெட்டித்தான் மலேசியாவின் நாற்காலி, மேசை, அலமாரிகளில் பெரும்பங்கு செய்யப்படுகிறது. தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் சீவிய மரத்தின் வழிவந்தது என்பதால் அதைத் தூக்கியெறிய எனக்கு மனம் வருவதில்லை. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 240 என மென்மையாக்கி, நார் ஓடும் திசையிலேயே தேய்த்தால் மரம் வெளிர் மஞ்சளாகத் துலங்கும். நீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு போதும். மேற்பூச்சு மிகப் பழைய எனாமல் சாயமாக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பாதி டின் வெள்ளைச் சாயத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய வாடை அடித்தால் அது கெட்டுவிட்டது. நன்றாக இருந்தால் மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டுங்கள். ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு பூச்சு வரும். சுவர்ச் சாயத்தை அலமாரிக்குப் பூசினால் கைக்கறை பிடிக்கும், மேலே வார்னிஷ் வேண்டும். அதைவிட அந்த வெள்ளையைக் கோலத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். இன்னொரு ஒட்டுப்பலகைத் துண்டுக்குக் காவி நிறம் பூசி உலரவைத்து, மகளைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நடுவரிசையில் 15 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் முடியும் ஊடுபுள்ளிக் கோலம் மொத்தம் 169 புள்ளி கொள்ளும். பென்சிலால் வைத்துப் பிறகு மெல்லிய தூரிகையால் வரையலாம். ஆண்டு முழுவதும் வாசலுக்கு உட்புறம் சாய்த்து வைக்கலாம், வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம். மழை நாளில் சாயம் ஒரு பூச்சுக்கு இரு மடங்கு நேரம் எடுத்து உலரும் என்பதை மனத்தில் வைத்து, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள். பண்டிகையன்று தரையில் போட, நம் நாட்டு வழக்கப்படி சாயமேற்றிய அரிசியே அழகு. உணவுச் சாயத்தைச் சிறிது நீரில் கலந்து பிசறி, தட்டில் பரப்பி நன்றாகக் காயவைத்தால்தான் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும். பொது நடைபாதையில் போட்டால் வழியை அடைக்காமல் போடுங்கள்.

டின்களையும் போத்தல்களையும் பற்றி ஓர் எச்சரிக்கை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. மைலோ டின்னில் செடி வைப்பதானால் அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டு, கீழே வைக்கும் தட்டை மணலால் நிரப்புங்கள். போத்தல் நீரில் மணி பிளாண்ட் வளர்ப்பதானால் வாரம் ஒருமுறை நீரை மாற்றுவதோடு, உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாண்டான், கற்பூரவல்லி, கறிவேப்பிலை மூன்றும் மேற்கு வெயிலில் நன்றாக வளரும், சமையலுக்கும் ஆகும். ஒன்பதாவது மாடியில் எந்தத் தொட்டியையும் பலகணிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள், தரையில் வையுங்கள். போத்தலில் ஒட்டிய தாள் போகாவிட்டால் சமையல் எண்ணெயும் சோடா மாவும் குழைத்துத் தடவி அரைமணி விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெண்ணொளிக் குழல். அதன் கீழ் பட்டும் மரமும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். சாய்த்து வைத்த முந்தானைக்கு அருகில் ஒரு மேசை விளக்கில் 3000 கெல்வின் மஞ்சளொளி எல்இடி பல்ப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், சரிகையின் நிறமே மாறும். தீபாவளிச் சர விளக்கு வாங்கினால் சிரிம் தரச்சான்று முத்திரை பார்த்து வாங்குங்கள், துணித் திரையின் மேல் அதைச் சுற்றாதீர்கள். 150 ரிங்கிட்டில் வாங்க வேண்டியவை நூல், ஸ்பிரிங் கம்பி, இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டு, காவிச் சாயத்தில் ஒரு சிறு டின், இந்த பல்ப், உப்புத்தாள், சிறிய வார்னிஷ் டின் ஆகியவையே. பணம் இழுத்தால் கடைசி இரண்டையும் விட்டுவிடுங்கள். அலமாரி பண்டிகைக்குப் பிறகு காத்திருக்கும்.

வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகளையும் கிழிந்த கைலிகளையும் எறிய வேண்டாம். ஒன்றரை அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, முனைகளை இணைத்துத் தைத்து, மூன்று இழையாகச் சடை பின்னுங்கள். மூன்று பட்டைகளும் வெவ்வேறு நீளத்தில் இருக்கட்டும், அப்போதுதான் இணைப்புகள் ஒரே இடத்தில் விழாது. பின்னிய சடையை மேசைமேல் தட்டையாக வைத்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே, பக்கத்துச் சுற்றோடு கெட்டி நூலால் தைத்துக்கொண்டு வரவேண்டும். சுற்றும்போது இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி கிண்ணம்போல் எழும்பும்; தளர விட்டால் விளிம்பு அலையடிக்கும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை தரையில் போட்டு, உள்ளங்கையால் தட்டிப் படிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். 2 அடி அகலம் வந்ததும் முனையை உட்பக்கம் செருகித் தைத்துவிடலாம். குளியலறை வாசலுக்குப் போடுவதானால் அடியில் வழுக்காத வலை ஒன்று வையுங்கள், வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.